பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது நஸீமா மேடம். மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆலோசகர். எங்கள் சேந்தன்துறை அரசு மருத்துவமனைக்குப் புதன்கிழமைதோறும் வருகிறார். சுனாமி, புயல், கொரோனா என்று வரிசையாகப் பார்த்த ஊழியர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது அவர் வேலை. “தினமும் கொஞ்சம் எழுதுங்க. யாரும் படிக்க மாட்டாங்க” என்றார். யாரும் படிக்காததை எதற்கு எழுதணும் என்று கேட்டேன். “உங்க லாக் புக்கை மட்டும் யாரு படிக்கிறாங்க?” என்றார். எழுதுகிறேன்.

பெயர் பரிதி. வயது இருபத்தொன்பது. இந்த மருத்துவமனையின் கருவிகளுக்கும் ஆக்சிஜன் குழாய்களுக்கும் பொறுப்பு. உடல் நலம். மனம் நலம். இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் ஒரு பக்கமாவது நிரப்பணுமாம்.

இன்றைய வேலை: இசிஜி மெஷின் ஒன்று, சரிசெய்தாயிற்று. மருந்தகக் குளிர்பெட்டி, கோளாறே இல்லை, பிளக்கைப் போடவில்லை. மனிதர்களைத் திட்ட லாக் புக்கில் இடம் கிடையாது. இங்கே உண்டு. மடையர்கள்.

பாக்கி வேலை ஒன்று. புதிய மகப்பேறு கட்டடம் தயார். நாற்பது படுக்கை. ஆக்சிஜன் குழாய் வந்துவிட்டது, அலாரம் பெட்டியும் மாட்டியாகிவிட்டது. வால்வை மூடி, குழாயில் அழுத்தத்தை இறக்கி, அலாரம் அடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே ஒரு நோயாளிகூட இல்லாத கட்டடம். ஐந்து நிமிட வேலை. இந்த வாரம் முடித்துவிடுவேன்.

நவம்பர் 5, புதன்

நஸீமா மேடத்தின் கூட்டத்தில் மைக் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு மைக் எதற்கு? போய் ஒயரை மாற்றினேன். கிளம்பும்போது டீ வந்தது. டீக்காக நின்றேன்.

பிரசவ வார்டு ஜெசிந்தா சிஸ்டரிடம் மேடம் பேசிக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கு ஒரு பழக்கம். வார்டில் யார் சேர்ந்தாலும் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் பெயரை எழுதிவிடுவார். மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது, அதில் பெயர், எண், பார்கோடு எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் எழுதுவார். நானே போன வருஷம் கேட்டிருக்கிறேன், இந்தப் பார்கோடு ஸ்கேனரை நான் எதற்குக் கஷ்டப்பட்டு மாட்டினேன் என்று. “அது பாட்டுக்கு அது இருக்கட்டும் தம்பி” என்று சொல்லிவிட்டார்.

மேடம் எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டபோது, “பழகிப்போச்சு மேடம்” என்றார். மேடம் அதற்கு மேல் தோண்டவில்லை. எனக்கென்றால் பொறுக்காது. கோளாறு இருக்கிறது என்று தெரிந்தால் மூடியைக் கழற்ற வேண்டாமா?

“உக்காருங்க பரிதி” என்றார் மேடம். வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

அலாரம் சோதனை இன்று இல்லை. அழுத்தமானி சரியாகக் காட்டுகிறது என்பதற்கான சான்றிதழ் ஒன்பது மாதம் பழையது. ஒரு வருஷம் செல்லும்தான். ஆனாலும் புதிதாக வாங்கிவிட்டுச் செய்வதுதான் முறை.

நவம்பர் 8, சனி

விடுமுறை. மழை. மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் ரப்பர் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. மாற்றினேன். சட்னி கல்லில் அரைத்ததுபோல வந்தது. அபிராமி என்னைப் பார்த்த பார்வையில் நான் ராக்கெட் விட்டவன் மாதிரி இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் இதற்கெல்லாம் சந்தோஷப்படுகிறாள். நல்ல பெண்.

கெளுத்தி மீன் குழம்பு. அடுப்பு மேடை ஓரம் நின்றுகொண்டு சாப்பிட்டேன். “அந்த நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள். நின்று சாப்பிட்டால் நேரம் மிச்சம்.

போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து அணைத்தேன்.

“ஏங்க, அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அதிருதே, என்ன மாத்திர வேளையா? இல்ல வேற யாராவதா?”

“வேலை விஷயம்.”

“இன்னிக்கு லீவு.”

“ஆக்சிஜனுக்கு லீவு இல்ல.”

மருத்துவமனைத் தொட்டியின் அழுத்தம் என் போனிலேயே தெரியும், அதற்கு நானே ஒரு கருவி பொருத்தியிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். இது பழக்கம் இல்லை. கண்காணிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஒரு கண்டுபிடிப்பு. இருப்புக் கணக்கில் இல்லாத இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்கள். துவைத்த துணிகள் வைக்கும் அறையில், போர்வை அடுக்குக்குப் பின்னால், ஒரு கிழிந்த பச்சைத் துணி போர்த்தி, கழுத்தில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியோடு சேர்த்து. மாட்டைக் கட்டியதுபோல.

யார் வேலை என்று கேட்கவே தேவையில்லை. வார்டு உதவியாளர் சவுரிராஜன்தான். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் வலி, ஆனால் யாரையும் சிலிண்டர் தூக்க விடமாட்டார்.

“சவுரிண்ணே, இது என்ன?”

“எது சார்?”

“இதோ, நிக்குதே.”

“அட, இதா! இது எப்ப வந்துச்சு?”

“அண்ணே, கயித்துல போட்டுருக்கற முடிச்சு உங்க முடிச்சு. படகுக்காரன் முடிச்சு.”

கையிலிருந்த ஸ்பானரால் சிலிண்டரை ஒரு தட்டுத் தட்டினார். மணி மாதிரி கேட்டது. “நெறஞ்சிருக்கு சார். வாரத்துக்கு ஒரு நாள் தட்டிப் பாத்துருவேன். இது இங்க இருந்துட்டுப் போவட்டும்.”

“எதுக்கு? குழாய் இருக்கு. தொட்டி இருக்கு. ஆக்சிஜன் தயாரிக்கிற மெஷின் ரெண்டு இருக்கு. ஒண்ணு போனா ஒண்ணு.”

“எல்லாம் இருக்கு சார். அன்னிக்குந்தான் எல்லாம் இருந்துச்சு.”

தட்டிப் பார்த்தால் நிறைந்திருக்கிறதா என்று தெரியாது, அதற்கு அழுத்தமானி இருக்கிறது என்று விளக்கினேன். சிலிண்டரின் சோதனைத் தேதியும் முடிந்துவிட்டது. இதை இப்படி வைத்திருப்பது ஆபத்து. வெள்ளிக்கிழமைக்குள் அகற்றச் சொன்னேன். தலையாட்டினார். அகற்ற மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நவம்பர் 12, புதன்

மழை. கூட்டத்துக்குப் போகவில்லை. மைக் நன்றாக இருக்கிறதாம்.

நவம்பர் 14, வெள்ளி

நிலைய மருத்துவர் கூப்பிட்டார். டிசம்பர் ஒன்றாம் தேதி புதிய கட்டடத்துக்கு நோயாளிகளை மாற்றுகிறார்கள். “எல்லாக் கையெழுத்தும் வந்தாச்சு. தீயணைப்பு, மின்சாரம், கட்டுமானம். உன்னுது ஒண்ணுதான் பாக்கி. உனக்கு என்னப்பா பிரச்சினை?”

புதிய சான்றிதழ் வர வேண்டும் என்றேன்.

“வந்துருச்சே. நேத்து என் மேஜைக்குத்தான் வந்துச்சு.”

சரி சார் என்றேன். வெளியே ஜெசிந்தா சிஸ்டர் நின்றிருந்தார். என் கையைப் பிடித்து, நிஜமாகவே பிடித்து, பழைய பிரசவ வார்டுக்கு அழைத்துப்போனார். ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார், தலைமாடு கால்மாடாக. நடுவில் இரண்டு குழந்தைகள். இப்படி ஆறு கட்டில். மழை ஒழுகும் இடத்தில் வாளி.

“பாத்துக்க தம்பி. எல்லாம் ஒன் கையெழுத்துக்குக் காத்துக்கிட்டுப் படுத்திருக்குது.”

“வர்ற வாரம் சிஸ்டர்.”

“போன வாரமும் வர்ற வாரம்தான் சொன்ன.”

அந்தக் குழந்தைகளின் கையிலும் பேனா எழுத்து. விரல் அளவு கையில், ‘வனஜா மகள்’.

நவம்பர் 17, திங்கள்

வால்வுக்கு ஒரு ரப்பர் வளையம் ஆர்டர் போட்டிருக்கிறேன். இப்போது இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

கூட்டத்துக்குப் போனேன். மைக்குக்காக இல்லை. வெளியே மழை, உள்ளே வடை. ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

இன்று ஜெசிந்தா சிஸ்டர் தானாகவே பேசினார். சுனாமி வந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். முந்தின நாள்தான் கிறிஸ்துமஸ். காலை பத்தரைக்கு முதல் வண்டி வந்ததாம். அப்புறம் வண்டி நிற்கவேயில்லை. உயிரோடு வந்தவர்களைவிட மற்றவர்கள் அதிகம். நடைபாதை முழுக்கப் படுக்க வைத்தார்கள். சிஸ்டரிடம் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து, எண் எழுதிச் சட்டையில் குத்தச் சொன்னார்கள்.

“எல்லாம் ஈரம் மேடம். காயிதம் ஊறிக் கழண்டு வுழுந்துருச்சு. எந்த நம்பரு எந்தப் புள்ளைக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தரு மூணு தடவ வந்தாரு. அறுபத்தொண்ணு, அறுபத்தொண்ணுன்னு கேக்குறாரு. முன்னாடி வந்தப்ப நாந்தான் சொல்லியிருக்கேன், ஒங்க புள்ள அறுபத்தொண்ணுன்னு. அறுபத்தொண்ணு காயிதம் தரையில கெடக்குது. புள்ள எதுன்னு எனக்குத் தெரியல.” தன் முன்கையைத் தடவிக்கொண்டார். “பேனாவால கையில எழுதியிருந்தா நிக்கும். ரெண்டு நாள் தண்ணில கெடந்தாலும் நிக்கும். அப்ப தோணல.”

மேடம், “இருபத்தொரு வருஷமா எழுதுறீங்க” என்றார்.

“ஆமா மேடம். ஒரு நாளைக்கி ஒரு பேனா தீருது. கம்பெனிக்காரன் எனக்குக் கமிஷன் தரணும்” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சவுரிண்ணன் அதிகமாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சிஸ்டர், “இது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு. கொரோனா அப்ப ஒரு சத்தம்…” என்று ஆரம்பித்தார். என் போன் அதிர்ந்தது. வெளியே வந்துவிட்டேன். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. திரும்ப உள்ளே போகவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பழுது அறிக்கை. லாக் புக்கில் எழுதப்படாதது.

நாள்: மே 2021, மூன்றாவது வாரம். இடம்: கொரோனா வார்டு.

குறை: நோயாளிகள் அதிகம், ஆக்சிஜன் செலவு அதிகம். அழுத்தம் எல்லைக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்ததால் அலாரம் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை அடித்தது. அடித்து உடனே நின்றது. ஒவ்வொரு தடவையும் வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்தது. பணியிலிருந்த செவிலியர், “அந்தச் சத்தத்த நிறுத்து தம்பி, சத்தத்துலயே செத்துருவாங்க” என்று கேட்டுக்கொண்டார்.

எடுத்த நடவடிக்கை: அலாரத்தில் சத்தம் எழுப்பும் பஸ்ஸரின் ஒயர் கழற்றப்பட்டது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும்படி விடப்பட்டது. பதிலாகத் தொழில்நுட்பர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தமானியை நேரில் பார்ப்பது என்று முடிவு செய்யப்பட்டது.

இரண்டு நாள் அப்படியே பார்க்கப்பட்டது.

மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு, தொழில்நுட்பர் ஆக்சிஜன் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அதற்கு முன் முப்பத்தொரு மணி நேரம் உட்காரவில்லை. சாப்பிடும்போதே தூங்கிவிட்டார்.

டேங்கர் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. அழுத்தம் இறங்கியது. விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. ஒரு கட்டிலின் தலைமாட்டில், ஆக்சிஜன் வருவதைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் சின்னக் குண்டு கீழே விழுந்ததை சவுரிராஜன் பார்த்தார். சிலிண்டர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் முழங்கால் போனது அன்றுதான். ஆக்சிஜன் இல்லாத இடைவெளி ஒன்பது நிமிடம் என்று பிறகு கணக்கிடப்பட்டது.

அன்று மாலைக்குள் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வாரம் எல்லா நாளும் யாராவது இறந்தார்கள். விசாரணையில் டேங்கர் தாமதம் என்று எழுதினார்கள். பஸ்ஸர் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே ஒயர் மீண்டும் இணைக்கப்பட்டது.

காரணம்: ‘கழற்றப்பட்டது’, ‘இணைக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன். ஒயர் தானாகக் கழன்றுகொள்ளாது.

கழற்றியது நான்.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று எழுதியதைக் கிழிக்கவில்லை. தையல் போட்ட நோட்டு. கிழித்தால் எதிர்ப்பக்கமும் கழன்று வரும்.

நவம்பர் 23, ஞாயிறு

அபிராமியின் ஸ்கூட்டருக்கு பிரேக் ஒயர் மாற்றினேன். வெயில் அடித்தது. போர்வைகளை மாடியில் காயப்போட்டோம். இறால் வாங்கினேன். நல்ல நாள். இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நவம்பர் 24, திங்கள்

காலை பதினொரு மணி. புதிய கட்டடத்துக்குத் தனியாகப் போனேன். பெயின்ட் வாசனை, காலிக் கட்டில்கள், ஜன்னல் வழியாகக் கடல் காற்று. அலாரம் பெட்டியில் பச்சை விளக்கு. வால்வுப் பெட்டியைத் திறந்து கையை வைத்தேன்.

திருப்பவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்கிறேன், போன் மூன்று தடவை அதிர்ந்தது.

ஜெசிந்தா சிஸ்டர் கட்டில் விரிப்புகளோடு வந்தார். “என்னாச்சு தம்பி?”

“வால்வு இறுகியிருக்கு சிஸ்டர்.”

விரிப்புகளைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து பிடியைத் தொட்டார். இரண்டு விரலால் கொஞ்சம் திருப்பி, உடனே பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். “வெண்ணெ மாதிரி போவுது. எங்க இறுகியிருக்கு?”

அவர் காலிக் கட்டிலில் உட்கார்ந்தார். “உக்காரு.”

நின்றேன்.

“நான் சொல்றத கேளு. அன்னிக்கி அந்தச் சத்தத்த நிறுத்தச் சொன்னது நானு. நீ சின்னப் பையன். இருவத்தஞ்சு வயசு. பெரியவ சொன்னா, செஞ்ச. நாலர வருஷமா எப்ப ஒன் மூஞ்சியப் பாத்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. நாந்தான் அந்த ரெண்டு பேத்தயும்…”

“சிஸ்டர், நீங்க சத்தத்தத்தான் நிறுத்தச் சொன்னீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பாக்கறேன்னு சொன்னது நான். தூங்குனது நான்.”

“தூங்குனியா?”

அவருக்கு அது தெரியாது. எனக்கு வேறு ஒன்று தெரியாது: என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார் என்பது. ஒரே பழியை இரண்டு பேர் முழுசாக ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு, ஒரே நடைபாதையில் தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறோம். இதைவிட மட்டமான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

“சத்தம் இருந்திருந்தா பொழச்சிருப்பாங்களா தம்பி?”

“தெரியாது சிஸ்டர். அந்தக் கணக்கு வராது. நான் நெறைய தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

அவர் அழுதார். நான் விரிப்புகளை மடித்துக் கொடுத்தேன். தப்பாக மடித்தேன் போலிருக்கிறது, பிடுங்கித் திரும்ப மடித்தார்.

போகும்போது சொன்னார்: “அலாரத்தப் புதங்கெழம அடி. தனியா அடிக்காத. எல்லாத்தயும் கூப்புடு. இப்ப அடிக்கப்போவுதுன்னு மொதல்லயே சொல்லிட்டு அடி. அன்னிக்கெல்லாம் அது சொல்லாம அடிச்சுச்சு. அதான்.”

தொழில்நுட்ப ரீதியில் இதற்குப் பார்வையாளர்கள் தேவையில்லை. சரி என்றேன்.

நவம்பர் 26, புதன்

பதினேழு பேர் வந்தார்கள். நஸீமா மேடம் கூட்டத்தைப் புதிய கட்டடத்திலேயே வைத்துவிட்டார். நிலைய மருத்துவரும் வந்து, எதற்கு இத்தனை கூட்டம் என்று கேட்டார். “ட்ரெய்னிங் சார்” என்றேன். பொய் இல்லை.

விளக்கினேன். பெட்டி இது. பச்சை என்றால் சரி. இந்த வால்வை மூடுவேன். இங்கே திறந்து காற்றை வெளியேற்றுவேன். அழுத்தம் இறங்கும். சிவப்பு எரியும். சத்தம் வரும். இந்தப் பொத்தானை அமுக்கினால் சத்தம் நிற்கும். ஆனால் குறை தீராவிட்டால் பதினைந்து நிமிடத்தில் தானாகத் திரும்ப அடிக்கும். யாராலும், நானே நினைத்தாலும், இதை ஒரேயடியாக ஊமையாக்க முடியாது. பஸ்ஸர் ஒயரைக் கழற்றினால் அதற்கே தனியாக ஓர் அலாரம் அடிக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சிஸ்டரைப் பார்க்காமல், எல்லோரிடமும் சொன்னேன்: பழைய வார்டில் அதை நான் கழற்றியிருந்தேன், அன்று நான் தூங்கிவிட்டேன் என்று. இரண்டு வாக்கியம். நிலைய மருத்துவரின் முகம் மாறியது. “மதியம் என் ரூமுக்கு வா” என்றார்.

அதற்கு மேல் தாமதிக்கக் காரணம் எதுவும் கைவசம் இல்லை. “இப்ப அடிக்கும்” என்று சொல்லி வால்வைத் திருப்பினேன்.

முள் இறங்கியது. நான்கு. மூன்றரை. அடித்தது.

ஒருவரும் அசையவில்லை. ஒருவரைத் தவிர. சவுரிண்ணன் திரும்பி ஓடினார். நிஜமாகவே, அந்த முழங்காலோடு, பழைய கட்டடத்தின் துணி அறையைப் பார்த்து. வாசல்வரை போய்விட்டு நின்று, தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். “காலு கேக்கல சார்!” என்று கத்தினார். அலாரத்தைத் தாண்டிக் கேட்டது. முதலில் சிரித்தது சிஸ்டர். அப்புறம் எல்லோரும், சத்தம் அடித்துக்கொண்டிருக்கும்போதே.

அணைக்கும் பொத்தானை சிஸ்டரை அமுக்கச் சொன்னேன். அவர், “கொஞ்சம் அடிக்கட்டும் தம்பி” என்றார். விட்டேன். முழுசாக ஒரு நிமிடம் அடித்தது. பிறகு அமுக்கினார். வால்வைத் திறந்தேன். பச்சை.

கையெழுத்துப் போட்டேன்.

மதியம் நிலைய மருத்துவர் அறைக்குப் போனேன். எழுத்தில் கொடு, மேலே அனுப்ப வேண்டும், மெமோ வரலாம் என்றார். அறிக்கை ஏற்கனவே எழுதியாகிவிட்டது, படியெடுத்துத் தருகிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “முப்பத்தொரு மணி நேரம் ட்யூட்டின்னு அதுல எழுதுனியா?” என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். “அதுக்குக் கீழ நான் எழுத வேண்டியது இருக்கு. அந்த ட்யூட்டி லிஸ்ட் போட்டது நான்” என்றார்.

மூன்றாவது ஆள். இந்தப் பழி எத்தனை பேரிடம் முழுசாக இருக்கிறதோ.

நவம்பர் 28, வெள்ளி

அபிராமியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அதான் நாற்காலியில உக்காரல” என்றாள். காபி போட்டாள்.

டிசம்பர் 1, திங்கள்

இடம் மாற்றினார்கள். ஒரு கட்டிலுக்கு ஒரு தாய். வாளி எதுவும் இல்லை. சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். பார்கோடு பட்டைமேல் படாமல் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சவுரிண்ணனின் இரண்டு சிலிண்டர்களையும் அகற்றிவிட்டேன். பதிலுக்கு, சோதித்து முத்திரை போட்ட இரண்டை, சுவரில் சங்கிலி மாட்டி, இருப்புக் கணக்கில் ஏற்றி, புதிய வார்டு வாசலில் வைத்தேன். விதிப்படி அவசர இருப்பு வைக்கத்தான் வேண்டும். அழுத்தமானியும் பொருத்தியிருக்கிறேன். அவர் அதைப் பார்க்காமல் ஸ்பானரால் தட்டிக் கேட்டார். “நெறஞ்சிருக்கு சார்” என்றார். அழுத்தமானியும் அதையே சொன்னது.

போனில் பத்து நிமிடத்தை அரை மணி ஆக்கியிருக்கிறேன். ஒரேயடியாக நிறுத்தவில்லை. நெடுநாள் ஓடிய எந்த மோட்டாரையும் அப்படி நிறுத்தக்கூடாது.

மதியம் ஒன்றே கால். ஊழியர் அறை. சிஸ்டர் ஒரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். முட்டைக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். உட்கார்ந்து சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. “நீ தூங்கு தம்பி, நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

இருபது நிமிடம் தூங்கினேன்.